யாருடைய தண்டுவடம்?

(தண்டுவட நொதிகளின் செயலை வயதும் பாலினமும் மாற்றும் விதம் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1977, 1978 ஆண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் தமிழ்ச் சிறுமிகள் சிலருக்குக் கெண்டைக்காலில் வலி எடுத்தது. வலியைத் தொடர்ந்து கால்களில் வலு குறைந்தது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை; நடக்கும்போது கால்விரல்கள் தரையைத் தேய்த்தன. பிறகு கைகளும் சோர்ந்தன. ஒருவர் இருவராக வந்து எண்ணிக்கை இருபதளவுக்கு உயர்ந்தது. எல்லோரும் பெண்கள். பெரும்பாலும் வளரிளம் பருவத்தினர்.

தொற்றுநோய் என்றால் அது இப்படி ஆள் பார்த்துப் பிடிக்காது. அதே தோட்டத்தில், அதே தண்ணீரைக் குடித்து வாழ்ந்த ஆண்கள் நன்றாகவே நடமாடினார்கள். வயதும் பாலினமும் இத்தனை கச்சிதமாகப் பொருந்தி வரும்போது, பருவமடையும் பெண்ணுடலின் நரம்புகளுக்கே உரிய பலவீனம் ஏதோ இருக்கிறது என்று ஒரு மருத்துவர் முடிவு கட்டியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. மருத்துவர்கள் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் அங்கே நிற்காமல் சமையலறைவரை போனார்கள். பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நல்லெண்ணெய் கொடுப்பது தமிழ்க் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். உளுந்தங்களியில் ஊற்றியும், முட்டையோடு சேர்த்தும், இடுப்புக்கு வலு சேரும் என்று தாயும் பாட்டியும் ஊட்டுகிற எண்ணெய் அது. அந்த எண்ணெயில் டிரைகிரெசைல் பாஸ்பேட் கலந்திருந்தது. கனிம எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் இந்த நச்சு சேர்ந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். 1981இல் லான்செட் இதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

அந்த நச்சு தாக்கியது தண்டுவடத்திலும் நரம்புகளிலும் இருக்கும் ஒரு நொதியை. அந்த நொதி ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. வயதும் பாலினமும் நோயாளியைத் தேர்ந்தெடுத்தது உண்மை. ஆனால் அந்தத் தேர்வு உயிரணுவுக்குள் நடக்கவில்லை, சாப்பாட்டுத் தட்டில் நடந்தது. வயதானவர்களின் தண்டுவடத்தில் இந்த நொதி குறைகிறது, ஆண்களிடம் அந்த நொதி கூடுகிறது என்று ஆய்வுக் கட்டுரைகள் சொல்லும்போதெல்லாம் எழுப்ப வேண்டிய கேள்வியை அந்தச் சிறுமிகள் முன்வைத்துவிட்டார்கள். வேறுபாடு இருக்கிறது, சரி. அது எங்கிருந்து வருகிறது? இந்தச் சொற்பொழிவு அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது.

இதே நச்சின் இன்னொரு கதை, அரை நூற்றாண்டு முந்தையது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. ஜமைக்கா இஞ்சிச் சாறு என்ற பெயரில் மருந்துக் கடைகளில் விற்ற ஒரு திரவத்தில் ஆல்கஹால் நிறைய இருந்தது. ஏழைகள் அதை வாங்கிக் குடித்தார்கள். அரசுச் சோதனைக்குத் தப்புவதற்காகத் தயாரிப்பாளர்கள் அதில் டிரைகிரெசைல் பாஸ்பேட்டைக் கலந்தார்கள். 1930இல் பல்லாயிரம் பேரின் கால்கள் விழுந்தன. பாதத்தை உயர்த்தித் தட்டி நடக்கும் அந்த நடைக்கு ‘ஜேக் நடை’ என்றே பெயர் வந்தது. அங்கே விழுந்தவர்களில் மிகுதி, நடுவயது ஆண்கள். 1959இல் மொராக்கோவின் மெக்னெஸ் நகரில் விமான எஞ்சின் எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றபோது ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். சமையல் எண்ணெய் வீட்டிலுள்ள எல்லோருடைய தட்டுக்கும் போகிறது. நச்சு ஒன்று, நொதி ஒன்று. அமெரிக்காவில் ஆண் நோயாகவும் இலங்கையில் பெண் நோயாகவும் அது தோற்றம் கொண்டது, அவ்வளவுதான்.

நொதி என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்கலாம். மாவு நொதித்துப் பொங்குவதைச் சொல்லும் சொல்லிலிருந்து தமிழில் ‘நொதி’ வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கியூன ‘என்சைம்’ என்று பெயரிட்டபோதும் புளிப்பூட்டும் ஈஸ்டை மனத்தில் வைத்துத்தான் பெயரிட்டார். உடலில் நடக்கும் வேதிவினைகளைத் தான் செலவாகாமல் விரைவுபடுத்தும் புரதமே நொதி. தண்டுவடம் ஆணுக்குச் சுமார் 45 செ.மீ., பெண்ணுக்கு அதைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவு; சுண்டுவிரல் பருமன். அதற்குள் ஆயிரக்கணக்கான வகை நொதிகள் வேலை செய்கின்றன. நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினைச் செய்ய ஒன்று, வேலை முடிந்ததும் அதைச் சிதைக்க ஒன்று, ஆக்சிஜனின் கூர்மையை மழுக்க ஒன்று, உயிரணுச் சவ்வின் கொழுப்பைப் பராமரிக்க ஒன்று.

டிரைகிரெசைல் பாஸ்பேட் தாக்குவது இந்தக் கடைசி வகையை. 1969இல் இங்கிலாந்தின் கார்ஷால்டன் நகரிலிருந்த ஆய்வகத்தில் எம்.கே. ஜான்சன் அந்த நொதியை அடையாளம் கண்டார். இன்று அதை என்.டி.இ. என்கிறார்கள். நச்சு அதன் வேலை செய்யும் முனையில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் நச்சு மூலக்கூற்றின் ஒரு துண்டு கழன்றுவிட்டால், அந்தப் பிணைப்பை விடுவிக்க வழியில்லை. வேதியியலார் இந்தக் கட்டத்துக்கும் ‘முதுமையடைதல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நொதிக்கு வரும் இந்த முதுமைக்கும் மனிதருக்கு வரும் முதுமைக்கும் தொடர்பில்லை. தமிழில் பாடநூல் எழுதுவோர் இங்கே வேறொரு சொல்லைத் தேடுவது நல்லது. அந்தப் பிணைப்பு இறுகிய ஒன்று முதல் மூன்று வாரங்களில் மிக நீண்ட நரம்பிழைகள் நுனியிலிருந்து அழியத் தொடங்குகின்றன. காலுக்குப் போகும் நரம்புகளும் தண்டுவடத்தின் நெடும்பாதைகளும்தான் உடலில் மிக நீளமானவை. அதனால்தான் கெண்டைக்காலில் தொடங்குகிறது. இதே நொதிக்கான மரபணு பிறவியிலேயே பழுதானால் கால்கள் விறைத்துப்போகும் ஒரு பரம்பரை நோய் வருகிறது என்று 2008இல் கண்டறிந்தார்கள்.

வயது இங்கே உண்மையாகவே உள்ளே நுழைகிறது. பூச்சிக்கொல்லிகளில் பயன்படும் பாஸ்பேட் சேர்மங்கள் இந்தத் தாமத வாதத்தை உண்டாக்குமா என்று பார்க்க உலக அளவில் ஒரு சோதனை முறை இருக்கிறது. அதற்கு எலியைப் பயன்படுத்துவதில்லை, எலிக்கு இந்த வாதம் எளிதில் வராது. கோழியைப் பயன்படுத்துகிறார்கள். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு (ஓ.இ.சி.டி.) வெளியிட்ட வழிகாட்டி ‘8 முதல் 12 மாத வயதுள்ள முட்டையிடும் கோழி’ என்று வயதையும் பாலினத்தையும் எழுதியே வைத்திருக்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் என்.டி.இ. எவ்வளவு முடங்கியது என்று அதில் அளக்கிறார்கள். வளர்ந்த கோழியில் 70 விழுக்காட்டுக்கு மேல் முடங்கினால் வாதம் வரும் என்பது பொது அனுபவம்.

சில வாரமே ஆன குஞ்சுக்கு அதே நச்சைக் கொடுத்தால் என்ன ஆகிறது? நொதி அதே அளவு முடங்குகிறது. குஞ்சு நடக்கிறது!

இந்த ஒரு சோதனையை மாணவர்கள் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நொதியின் அளவை மட்டும் அச்சிட்டு, குஞ்சு எது, கோழி எது என்று மறைத்துவிட்டால் இரண்டு எண்களும் ஒன்றுபோலவே தோன்றும். விளைவோ ஒன்று ஓட்டம், மற்றொன்று முடக்கம். வளரும் நரம்பு, அடிபட்ட இழையைத் திருத்திக்கொள்ளும் திறனை வைத்திருக்கிறது என்பது ஒரு விளக்கம். நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்பது ஒரு செய்தி. அந்த வேலை குறைந்தால் உடல் என்ன செய்யும் என்பது வேறொரு செய்தி. வயது முதலாவதைத் தொடாமலேயே இரண்டாவதை மாற்றிவிட முடியும்.

அளக்கும் முறையிலேயே பள்ளங்கள் இருக்கின்றன. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் கோலினெஸ்டரேசை அளக்க 1961இல் எல்மேன் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு முறையைத் தந்தார்கள். திசுவைக் குளிர்ந்த கரைசலில் அரைத்து, நொதி உடைப்பதற்கான பொருளைச் சேர்த்தால் கரைசல் மஞ்சளாகிறது. 412 நானோமீட்டர் ஒளியில் அந்த மஞ்சள் எவ்வளவு வேகமாக அடர்கிறது என்று பார்த்தால் நொதியின் வேகம் தெரிந்துவிடும். அழகான, மலிவான முறை. இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இதுவே கைகொடுக்கிறது. பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவர்களின் இரத்தத்தைச் சோதிப்பதும் பெரும்பாலும் இதன் வழிவந்த முறைகளால்தான். அந்த இரத்தச் சோதனையிலும் பிளாஸ்மாவிலுள்ள கோலினெஸ்டரேஸ் இளம்பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவு, கர்ப்ப காலத்தில் இன்னும் குறைவு என்பது அவசர சிகிச்சைப் பிரிவில் நினைவிருக்க வேண்டிய சங்கதி.

சிக்கல் மஞ்சள் நிறத்தில் இல்லை. கிடைத்த எண்ணை எதால் வகுப்பது என்பதில் இருக்கிறது. திசுவின் எடையாலா, புரதத்தின் அளவாலா, உயிரணுக்களின் எண்ணிக்கையாலா? 1980இல் மார்க் பிரீட்லவ், ஆர்தர் அர்னால்ட் இருவரும் எலியின் கீழ்த் தண்டுவடத்தில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தைப் பற்றி எழுதினார்கள். இனப்பெருக்க உறுப்போடு சேர்ந்த தசைகளை இயக்கும் கூட்டம் அது. ஆணெலியில் சுமார் 200 நரம்பணுக்கள். பெண்ணெலியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பிறப்பை ஒட்டிய நாட்களில் ஆண் ஹார்மோன் கிடைக்காததால் பெண்ணெலியில் அந்த நரம்பணுக்கள் மடிகின்றன. மனிதரிலும் இதற்கு இணையான பகுதியில் ஆண்களுக்கு நரம்பணுக்கள் கூடுதல் என்று பின்னர் தெரியவந்தது. அந்த இடத்தை மட்டும் வெட்டி அரைத்து, திசு எடையால் வகுத்தால், அசிட்டைல்கோலின் நொதிகள் ஆணில் அதிகம் என்ற முடிவு வரும். ஒவ்வொரு நரம்பணுவும் அதே வேகத்தில்தான் வேலை செய்திருக்கும்; எண்ணிக்கைதான் வேறு.

முதுமையிலும் இதே கணக்கு. இங்கிலாந்தின் நியூகாசிலில் டாம்லின்சன், இர்விங் இருவரும் 13 வயது முதல் 95 வயது வரை வாழ்ந்து இறந்த 47 பேரின் தண்டுவடங்களை எடுத்து, கால்களை இயக்கும் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். நுண்ணோக்கியின் அடியில் கண் பூத்துப்போகும் உழைப்பு. 60 வயது வரை எண்ணிக்கை குறைந்ததற்குச் சான்று இல்லை. அதற்குப் பிறகு இறக்கம். இளமையிலிருந்து தொண்ணூறுகள் வரை சராசரியாகக் கால் பங்கு இழப்பு. சிலரில் பாதிதான் மிச்சம். இந்தக் கட்டுரை வெளியான ஆண்டு 1977. எண்பது வயதுத் தண்டுவடத்தில் ஒரு நொதி 25 விழுக்காடு குறைந்தது என்று யாராவது அளந்து சொன்னால், இந்த எண்ணிக்கையை அருகில் வைத்துப் பார்க்காமல் அதை நொதியின் தளர்ச்சி என்று சொல்வதில் பொருளில்லை.

பாலினத்தைக் கவனிக்காமல் விட்டதால் எவ்வளவு பணமும் காலமும் நம்பிக்கையும் வீணாகும் என்பதற்கு எஸ்.ஓ.டி.1 நொதியின் வரலாறு சாட்சி. 1938இலேயே மாட்டு இரத்தத்திலிருந்து செம்பு கலந்த ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அது எதற்கு இருக்கிறது என்று முப்பதாண்டு யாருக்கும் தெரியாது. 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்ட், இர்வின் ஃபிரிடோவிச் இருவரும் அது ஆக்சிஜனின் தீங்கான வடிவமொன்றை அழிக்கும் நொதி என்று காட்டினார்கள். 1993இல் அந்த நொதி முதல் பக்கத்துக்கு வந்தது. இயக்க நரம்பணுக்கள் மடிந்து, கை கால் பேச்சு மூச்சு என்று ஒவ்வொன்றாக அடங்கும் ஏ.எல்.எஸ். நோய் பரம்பரையாக வரும் குடும்பங்கள் சிலவற்றில் இந்த நொதியின் மரபணு பழுதாகியிருந்தது. லூ கெரிக் என்ற பேஸ்பால் வீரரை 1941இல் பலிகொண்ட நோய், ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் அமர்த்திய நோய்.

நொதி பழுதானால் அதன் வேலை குறைந்திருக்கும், அதனால் நோய் என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. மனிதரின் பழுதான மரபணுவைச் சுண்டெலிக்குள் செலுத்தியது மார்க் கர்னியின் குழு. அந்தச் சுண்டெலிகளில் நொதியின் மொத்தச் செயல் கூடியிருந்ததே தவிரக் குறையவில்லை. ஆனாலும் நான்கைந்து மாதங்களில் அவற்றின் கால்கள் விழுந்தன. 1996இல் இந்த நொதியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள், அவற்றுக்கு ஏ.எல்.எஸ். வரவில்லை. ஆக, வேலை குறைந்ததால் வந்த நோய் இல்லை, உருக்குலைந்த புரதமே நஞ்சாகி வந்த நோய். செயல் அளவை மட்டும் நம்பினால் எங்கே போய் முட்டிக்கொள்வோம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

பழுதான மரபணு பெற்ற கர்னியின் சுண்டெலிகளில் ஆண்கள் முன்னதாக நோயுறும், பெண்கள் சற்றுப் பின்னால். பெண்ணெலியின் சூலகத்தை எடுத்துவிட்டால் அதன் நோயும் வேகம் கொள்கிறது. வேறுபாடு சில நாட்கள்தான். ஆனால் மருந்தின் பலனாக ஆய்வாளர்கள் அறிவித்ததும் பல நேரம் சில நாட்கள்தான். மருந்து கொடுத்த கூட்டத்தில் பெண்ணெலிகள் இரண்டு மூன்று கூடிவிட்டால் போதும், ‘ஆயுளை நீட்டும் மருந்து’ பிறந்துவிடும். இப்படிப் பிறந்த மருந்துகளை நம்பி நோயாளிகள் சோதனைகளுக்கு வந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக அவை தோற்றன.

ஏன் என்று கேட்டது ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து எழுந்த நிறுவனம். தம்பி ஸ்டீபனுக்கு நோய் வந்ததும் ஜேம்ஸ் ஹேவுட் அமெரிக்காவின் மாசசூசெட்சில் தொடங்கிய ஆய்வு நிறுவனம் அது. அங்கே 70க்கும் மேற்பட்ட மருந்துகளை 18,000 சுண்டெலிகளில் மீண்டும் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். முன்பு பலன் தந்ததாகச் சொல்லப்பட்ட மருந்துகள் எதுவும் அந்தப் பலனைத் திரும்பக் காட்டவில்லை. பாலினம், ஒரே ஈற்றில் பிறந்தவை எவை, மரபணுப் பிரதிகள் எத்தனை என்பவற்றைச் சமன் செய்யாமல் நடத்திய சோதனைகளில் தற்செயலையே மருந்தின் வெற்றி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. ஸ்டீபன் 2006இலேயே இறந்துவிட்டார்.

மனிதரிலும் ஏ.எல்.எஸ். ஆண்களை அதிகம் பிடிக்கிறது. முதுமையில் அந்த இடைவெளி குறைந்து, ஏறத்தாழச் சமமாகிறது. வயதும் பாலினமும் தனித்தனி நெம்புகோல்களாக இயங்குவதில்லை, ஒன்றின் பிடி மற்றொன்றின் நிலையைப் பொறுத்தது. மாதவிடாய் நிற்பதோடு பெண்ணின் பாதுகாப்பு தளர்கிறது என்று கருதுவோர் உண்டு. சுண்டெலியின் சூலகக் கதையோடு அது பொருந்துகிறது, ஆனால் மனிதரில் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளக் கூடாது.

வலியைப் பற்றிய ஆய்வில் பாலின வேறுபாடு இன்னும் ஆழத்துக்குப் போயிருக்கிறது. நரம்பு அடிபட்டபின் நீங்காமல் தொடரும் வலிக்குத் தண்டுவடத்தின் பின்புறத்திலிருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் அணுக்களே காரணம் என்று பாடநூல்கள் எழுதிவந்தன. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி மோகிலும் ராபர்ட் சோர்ஜும் டொராண்டோ ஆய்வாளர்களோடு சேர்ந்து 2015இல் அதைப் பெண் சுண்டெலிகளிலும் பார்த்தார்கள். மைக்ரோகிளியாவை அடக்கியபோது ஆணெலியின் வலி தணிந்தது. பெண்ணெலிக்கு வலி அப்படியே இருந்தது. வலியின் அளவில் இரு பாலுக்கும் வேறுபாடே இல்லை, வழிதான் வேறு. பெண்ணெலியில் நோயெதிர்ப்பின் டி அணுக்கள் அந்த வேலையைச் செய்வதாகத் தெரிந்தது. டி அணுக்கள் இல்லாத பெண்ணெலியோ ஆணின் வழிக்குத் திரும்பிவிட்டது.

அந்த மைக்ரோகிளியாவுக்குள் இருப்பது பி38 என்ற நொதி. டியூக் பல்கலைக்கழகத்தில் ரு-ரோங் ஜீயின் குழு 2016இல் அதை முடக்கும் மருந்தைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் செலுத்தியது. ஆண் சுண்டெலிக்கு நிவாரணம், பெண்ணுக்கு இல்லை. அதே மருந்தை உடல் முழுவதும் பரவும்படியோ அடிபட்ட நரம்பின் அருகிலோ கொடுத்தபோது இரு பாலுக்கும் பலன் கிடைத்தது. அதாவது ‘பி38 ஆணின் நொதி’ என்று சொல்வதும் பிழை. தண்டுவடம் என்ற குறிப்பிட்ட இடத்தில் மட்டும் அது அப்படி நடந்துகொள்கிறது.

எலியில் நடந்தது மனிதரில் நடக்குமா? 2022இல் கனடாவின் ஒட்டாவாவில், உடலுறுப்புக் கொடையாளர்களின் தண்டுவடத் திசுவை அவர்கள் இறந்த சில மணி நேரத்திலேயே பெற்று, அதைக் கொண்டு ஒரு குழு சோதித்தது. வலி நரம்பணுக்களைத் தடை செய்து வைத்திருக்கும் பொறியில் ஸ்டெப்61 என்ற நொதிக்கும் பங்குண்டு. வலியைத் தூண்டும் ஒரு வளர்ச்சிப் புரதம் பட்டவுடன் ஆண் எலியிலும் ஆண் மனிதத் திசுவிலும் அந்தத் தடை தளர்ந்தது. பெண் எலியிலும் பெண் திசுவிலும் தளரவில்லை. சூலகம் நீக்கிய பெண்ணெலியில் மறுபடியும் ஆணைப் போலவே. ஹார்மோன் இந்தக் கதையின் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது.

அந்த ஹார்மோன் எங்கிருந்து வருகிறது என்பதிலும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் எவ்ரார், பால்தசார்த் இருவரும் காடைகளில் செய்த ஆய்வு அது. ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமடேஸ் நொதி, காடையின் தண்டுவடத்தில், அதுவும் வலிச் செய்தி வந்திறங்கும் பகுதியிலேயே இருக்கிறது. அந்த நொதியைத் தடுத்தால் சில நிமிடங்களில் ஆண் காடை சுடுநீரிலிருந்து காலை இழுத்துக்கொள்ளும் வேகம் மாறிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்றால் சூலகம், பெண் என்றே பழகிவிட்ட மனத்துக்கு இது உறைக்க வேண்டும்: ஆணின் தண்டுவடம் தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தானே, அந்த இடத்திலேயே தயாரித்துக்கொள்கிறது. பாலினம் நொதியை மாற்றுகிறது என்று தொடங்கிய ஆய்வு, நொதி பாலின ஹார்மோனைப் படைக்கிறது என்று திரும்பி நிற்கிறது.

முதுமைக்கு வருவோம். 2023இல் சீன ஆய்வாளர்கள் குவாங்-ஹுய் லியுவும் குழுவும் வயதான நீள்வால் குரங்குகளின் தண்டுவடத்தை ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். இயக்க நரம்பணுக்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அவை மூப்பின் அடையாளங்களைத் தாங்கியிருந்தன. அவற்றின் அருகில், இளம் குரங்குகளில் காணாத ஒரு வகை மைக்ரோகிளியா கூடியிருந்தது. அது கைட்டோட்ரையோசிடேஸ் என்ற நொதியைச் சுரந்து, அண்டையிலிருக்கும் நரம்பணுக்களை மூப்படையச் செய்தது. முதியவர்களின் தண்டுவட நீரிலும் அந்த நொதி கூடியிருந்தது. முதுமை என்றால் எல்லா நொதியும் வற்றிப்போவது என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான படம் இது: இங்கே ஒரு நொதி பெருகுவதே முதுமை. அதன் தீங்கை வைட்டமின் சி தணித்தது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. மாத்திரை வாங்கக் கடைக்கு ஓட இது போதாது. ஆனால் குரங்கில் செய்தது பொருளுள்ள தேர்வு. எலி தன் வைட்டமின் சியைத் தானே செய்துகொள்ளும். அதற்கான நொதியைக் குரங்கும் மனிதரும் பரிணாமத்தில் இழந்துவிட்டோம்.

கைட்டோட்ரையோசிடேசுக்குத் தென்னிந்தியாவோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. பூஞ்சை, புழு போன்றவற்றின் கைட்டின் உறையைச் சிதைப்பது அதன் இயல்பான வேலை. அந்த மரபணுவின் வேலை செய்யாத வடிவத்தைப் பிறவியிலேயே பெற்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2001இல் தென்னிந்தியாவில் யானைக்கால் நோய்க் கிருமி குறித்து நடந்த ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்குத் தொற்று எளிதாகிறது என்று கண்டார்கள். பப்புவா நியூ கினியில் செய்த ஆய்வில் அது உறுதிப்படவில்லை. இந்த நொதி பிறவியிலேயே இல்லாதவர்களின் தண்டுவடம் எழுபது வயதில் எப்படியிருக்கும் என்பது இங்கேயுள்ள ஆய்வாளர்கள் கையில் எடுக்கத்தக்க கேள்வி.

இத்தனையும் ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரியவந்தது? பழக்கம். நரம்பியலில் ஆண் விலங்கை மட்டும் வைத்து நடந்த ஆய்வுகள், பெண் விலங்கை மட்டும் வைத்து நடந்தவற்றைப் போல ஐந்தரை மடங்கு என்று பியரி, ஸக்கர் இருவரும் 2011இல் கணக்கெடுத்தார்கள். பெண்ணெலிக்கு ஹார்மோன் சுழற்சி உண்டு, அளவுகள் சிதறும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2014இல் ஸக்கரும் கூட்டாளிகளும் 293 கட்டுரைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பெண் சுண்டெலியின் அளவுகள் ஆணைவிட அதிகம் சிதறவில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தன் நிதி பெறும் ஆய்வுகள் பாலினத்தையும் ஒரு காரணியாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2016 முதல் கேட்டது. வயதுக்கு இவ்வளவு கூடக் குரல் எழவில்லை. ஆய்வகச் சுண்டெலி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்து இளவட்டம்; பக்கவாதமும் தண்டுவட நோய்களும் தேடி வருவதோ தாத்தா பாட்டிகளை. முதிய எலியை இரண்டு ஆண்டு தீனி போட்டு வளர்க்கச் செலவாகும் என்பது உண்மைதான். அந்தச் செலவைத் தவிர்த்ததால் தோற்ற மருந்துகளுக்கு ஆன செலவு அதைவிடப் பெரிது.

தமிழகத்துப் பல்கலைக்கழகங்களில் நொதியை அளக்கும் மாணவர்களுக்கு இதில் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. எந்தப் பாலினம், எத்தனை வாரம், தண்டுவடத்தின் எந்தப் பகுதி, எதால் வகுத்தது, என்ன தீனி தின்றது: இந்த ஐந்தையும் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதினாலே அளவு பிறருக்குப் பயன்படும். தீனியைக் கடைசியில் சேர்த்திருப்பது தோட்டத்துச் சிறுமிகளை நினைத்து.

சேனநாயக்க அந்தச் சிறுமிகளை மூன்று ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தார். புறநரம்புகள் மெல்லத் தேறின. வலு ஓரளவு திரும்பியது. அதுவரை தளர்ந்த தசைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த தண்டுவடப் பாதிப்பு அப்போதுதான் வெளியே தெரிந்தது. நரம்பிழைகள் கை கால்களில் மீண்டும் வளரும்; தண்டுவடத்தின் நெடும்பாதைகள் அப்படி வளர்வதில்லை. 1977இல் பதின்மூன்று பதினான்கு வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். நியூகாசிலில் அதே 1977இல் எண்ணி எழுதிய கணக்கின்படி, கால்களை இயக்கும் நரம்பணுக்கள் குறையத் தொடங்கும் வயது அது.